பெட்டிக்குள் அடங்காத பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில், இராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், நாங்கள் இரண்டு பேர் மில்களுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். அவள் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். எல்லா மில்களின் புரோகிராமுக்கும் அடியில் ஓடியது ஒரே லைப்ரரி, அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான புரோகிராம் தொகுப்பு. இருவரும் சேர்ந்து எழுதியது.

ஒருநாள் ஒரு மில் மேனேஜர் போன் செய்தார். "தம்பி, எங்க கேட் கிளார்க்கு எல்லார் சம்பளத்தையும் பாக்காரு. அவருக்கு அந்த ஸ்கிரீனே வரக்கூடாதுல்லா?"

போய்ப் பார்த்தோம். பாவம், அவர் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. கம்ப்யூட்டர் பெயர் கேட்டதும் தன் பெயர், அப்பா பெயர், மம்சாபுரம் என்று ஊரையும் சேர்த்து அடித்திருக்கிறார். பெயருக்கென்று நாங்கள் மெமரியில் ஒதுக்கியிருந்த இடமோ சின்னது. லைப்ரரி நீளத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போக, மிஞ்சிய எழுத்துகள் பக்கத்து இடத்தில் விழுந்தன. ஆள் மேனேஜரா இல்லையா என்ற குறிப்பு அங்கேதான் இருந்தது. அது மாறிப்போக, கம்ப்யூட்டர் அவரை மேனேஜர் என்றே எடுத்துக்கொண்டது.

"முழுப் பேரையும் சொன்னா மேனேஜர் ஆயிரலாம் போல!" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று முகம் மாறியது. "வேணும்னே ஒருத்தன் செஞ்சா என்னங்க ஆகும்? எல்லா மில்லுலயும் இதான ஓடுது."

எழுதுவதற்கு முன் நீளத்தை அளந்து, இடம் போதாவிட்டால் மறுக்கும்படி அன்றே திருத்தினோம். ஆனால் ஒவ்வொரு மில்லுக்கும் ஃபிளாப்பியோடு நேரில் போய் ஏற்ற வேண்டியிருந்தது. பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்த சமயம் அது. டவுன் பஸ்களில் சேர்ந்தே அலைந்தோம். பஞ்சுத் தூசிக்குத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இப்ப அடிங்க," என்பாள். வாய்க்கு வந்த நீளப் பெயரை அடிப்பேன். ஸ்கிரீன் மறுத்ததும் கண்கள் மட்டும் சிரிக்கும்.

கடைசி மில் ஸ்ரீவில்லிபுத்தூரில். முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தாள்.

"அம்புட்டுத்தானா? வேற மில் பாக்கி இல்லையா?"

"இல்ல. முடிஞ்சிட்டு."

அவள் துப்பட்டாவில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். "அப்ப வாரேன்," என்றாள். இராஜபாளையம் பஸ் வந்துவிட்டது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, கூட்டத்தில் அவள் தெரியவில்லை.

அவள் பெங்களூர் போனபிறகு அந்த லைப்ரரியை நான் தனியாகத்தான் பார்த்துக்கொண்டேன். அவள் எழுதிய வரிகளை மாற்ற வேண்டி வந்தபோதெல்லாம், சுற்றி வளைத்து வேறு எங்காவது மாற்றிச் சமாளித்தேன்.