புது எக்கோ மிஷின் வந்த வருஷம்

என் வீட்டுக்காரருக்கு மிஷின் என்றால் உயிர். தேயிலை எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு எங்களுடையது. அதன் முன்னறையில், கட்டில் போட வேண்டிய இடத்தில், கரண்டில் ஓடும் பெரிய டேப் ரெக்கார்டர் ஒன்றும், ஒரு மைக்கும், குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ மிஷின் ஒன்றும் இருந்தன. மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் யாரோ கச்சேரிக்காரன் வேண்டாமென்று கழித்த சாமான்கள். என் கொழுந்தன்தான் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகிற டிரைவர். எந்தக் கூடையில் கோஸ் அழுகியிருக்கிறது என்று முகர்ந்தே சொல்லிவிடுவான். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு சங்கீதத்துக்கும் வந்துவிட்டான்.

பாடுகிறவள் நான். அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் அது யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில், நேயர்கள் வீட்டிலேயே பதிந்து அனுப்பும் பாட்டுகளைப் போடுவார்கள். எங்கள் எஸ்டேட் மாரியம்மன் மேல் நானே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. திருவிழாவில் கரகம் வரும்போது அதைத்தான் பாடச் சொல்வார்கள். அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவை ரேடியோவில் வரவேண்டும், என் குரலில் வரவேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. வேறு எதையும் நான் அந்த வயசில் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

முதல் டேப்பை அனுப்பினோம். டேப்பைத் திருப்பி அனுப்பி, மரியாதையாகத்தான் பதில் போட்டிருந்தார்கள். சிறுவர் நிகழ்ச்சிக்கு வேறு முகவரி இருக்கிறது, பிள்ளையின் வயதையும் பள்ளிக்கூடத்தையும் எழுதி அங்கே அனுப்பவும் என்று. எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

அண்ணனும் தம்பியும் அந்தக் கடுதாசியை நடுவில் வைத்து மாநாடு போட்டார்கள். வீட்டில் டேப்பைப் போட்டால் என் குரல் ஒழுங்காகத்தான் கேட்டது. அங்கே போனதும் எப்படிப் பிள்ளைக் குரலானது என்று ஒருத்தராவது யோசிக்க வேண்டுமே.

"எக்கோ மிஷின் பழசுண்ணே. அண்ணி குரலைப் போட்டு நசுக்குது," என்றான் கொழுந்தன். "ஈப்போவுல புதுசு வந்திருக்கு. குகை, கோயிலு, கெணறு, எல்லா எக்கோவும் இருக்கு. மாத்திரலாம்லா."

கிணற்றுக்குள் இருந்து பாட நான் என்ன தவளையா என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாநாடு மூன்று மாசம் நடந்தது. பழசையே ரிப்பேர் பண்ணலாமா, புதுசு எடுக்கலாமா. புது மிஷினின் விளம்பரத் தாள் ஒன்றை கொழுந்தன் கொண்டு வந்திருந்தான். முழுக்க இங்கிலீஷ். இரண்டு பேருக்கும் அதில் ஒரு வரி படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துப் பொத்தான்களை எண்ணுவார்கள். பழசில் நாலு, புதுசில் பதினாறு. எண்ணி முடித்ததும் பெரிய விஷயத்தைப் பேசி முடித்த மாதிரி பெருமூச்சு விடுவார்கள். என்னை ஒரு தடவை பாடச் சொல்லிக் கேட்டார்களா என்றால், இல்லை. தேத்தண்ணி மட்டும் கேட்டார்கள்.

என்னோடு ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிறவள் ஒருத்தி கோலா தெர்லாவில் குடியிருந்தாள். அங்கே டவுன் கரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டேப்பை அவள் வீட்டுக்கு எடுத்துப்போய் அவளுடைய டேப் ரெக்கார்டரில் போட்டேன். நாலு வயசுப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடின மாதிரி கீச்சுக் கீச்சென்று வந்தது என் மாரியம்மன் பாட்டு. அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

எங்கள் லயத்துக்கு எஸ்டேட் ஜெனரேட்டர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கரண்டு விடுவார்கள். அதே நேரத்தில் ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடிகளும் ஓடும். பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் திணறும், லைட் மங்கும், டேப்பும் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததை மெதுவாகவே ஓடவிட்டால் சரியாகத்தானே கேட்கும். டவுன் கரண்டில் போட்டால் தலைதெறிக்க ஓடும். பதினோரு வருஷம் ஃபேக்டரியில் நின்றவள் நான். கொழுந்து உருட்டுகிற மிஷின் எப்போது திணறுகிறது என்று அதன் முனகலிலேயே சொல்லிவிடுவேன். இதற்குப் படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும்.

வீட்டுக்காரரிடம் பதமாகத்தான் சொன்னேன். "எக்கோ மேல தப்பு இல்லீங்க. கரண்டு இழுக்குது. பேட்டரி டேப்புல பதிஞ்சு பாப்போம்."

"மிஷின் விஷயத்துல பொம்பளைங்க தலையிடக் கூடாது," என்றார்.

இவருக்கு என்ன வேலை தெரியுமா? துரை பங்களாவில் புல் வெட்டுகிறது. கத்தியால்.

புது மிஷின் வந்தது. எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன தையல் மிஷின் அதோடு போயே போச்சு. பதினாறு பொத்தானையும் துணி போட்டு மூடி வைத்தார்கள். பிள்ளைகள் கிட்டே போனால் அடி. நாலு சாயங்காலம் என்னை நிற்க வைத்துப் பதிந்தார்கள். நான் பாட, அவர் குகையை அமுக்க, தம்பி கோயிலை அமுக்க, அம்மன் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மறுபடியும் அதே ஜெனரேட்டர். மங்கின லைட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, "ஆகா, என்னா ஆழம் பாருண்ணே," என்றான் கொழுந்தன். டேப்பை ரேடியோவுக்கு அனுப்பினார்கள்.

அதே வாரம் நான் கோலா தெர்லாவுக்குப் போனேன். தோழியின் சின்ன டேப் ரெக்கார்டர் பேட்டரியிலும் ஓடும். கதவைச் சாத்தினோம், புது பேட்டரி போட்டோம். ரோட்டில் காய்கறி லோரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஓய்கிற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து மூன்றாம் தடவை முழுசாகப் பாடினேன். கடைசி அடியில் முனையில் திரும்பின ஒரு லோரி ஹாரன் அடித்துவிட்டது. இன்னொரு தடவை பாடு என்றாள். இருக்கட்டும், விடு என்றேன். எங்கள் லயத்துக்கு வரும் தபால், எஸ்டேட் கணக்குப் பார்க்கிற கிராணியின் ஆபீஸ் வழியாக வீட்டுக்காரர் கைக்குத்தான் போகும். அதனால் அவள் பெயரையும் விலாசத்தையும் எழுதி அனுப்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, அண்ணனும் தம்பியும் தங்கள் டேப் வருமா என்று வழக்கம்போல் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பகலில் கரண்டு கிடையாது, ரேடியோ பேட்டரியில் ஓடும். அதைப் பார்த்தாவது ஏதாவது தோன்றியிருக்கலாம். அறிவிப்பாளர் தோழியின் பெயரைச் சொன்னார், கோலா தெர்லா என்றார். பாட்டு ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "நம்ம பாட்டுடா. திருவிழாவுல கேட்டுட்டுத் திருடிட்டாளுங்க."

பாட்டு ஓட ஓட மெதுவாக உட்கார்ந்தார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். என் குரல் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. பத்து வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன், இப்போது திரும்பிப் பார்ப்பார், நானா என்று கண்ணால் கேட்பார், ஆமாம் என்று தலையாட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கோபமெல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டிருந்தது.

கடைசி அடியில் அந்த ஹாரன் கேட்டது.

"அண்ணே, இது நம்ம முதலாளி லோரி," என்று துள்ளினான் கொழுந்தன். "அந்த ஹாரன் எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்காரர் திரும்பினார். என்னை நேராகப் பார்த்தார்.

"கேட்டியா? பாட்டுன்னா இப்படிப் பாடணும். நீயும் பாடுறியே," என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, "இவங்க என்னா மிஷின் வச்சிருக்காங்கன்னு விசாரிடா."

நாளைக்கே அந்தப் பக்கம் லோரி போகிறது, விசாரிக்கிறேன் என்றான் அவன். விளம்பரத் தாள் இருந்தால் வாங்கிக்கொண்டு வா என்று நானும் சொல்லி அனுப்பினேன்.