முனகிய பின்அச்சு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் காரில் ஒரு சத்தம் நின்றது. அதனால்தான் இந்த வாரம் இதை நான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

வாரநாட்களில் பதுளையிலிருந்து லுணுகலைக்கு நான் படிப்பிக்கப் போகிற கார் அது. வருஷத்தில் ஒருநாள் அதே காரை, நானூறு மீட்டர் நேர்ரோட்டில் யார் முந்துவது என்று பார்க்கும் டிராக் ரேஸில் ஓட்டுவேன். ஐம்பது வயதில் இது தேவையா? வீட்டில் கேட்டாகிவிட்டது.

சிக்கல், பின்அச்சின் பல்சக்கர ரேஷியோவில், அதாவது பற்களின் விகித எண்ணில். எண் கூடினால் கார் பாய்ந்து கிளம்பும். ஆனால் அன்றாட ஓட்டத்தில் என்ஜின் கதறும். குறைந்தால் ரோட்டில் சுகம், ரேஸில் ஆமை. நான் நாலு புள்ளி ஆறு கேட்டேன். பசறை மெக்கானிக் செல்வம் தலையை ஆட்டினார்.

“நாலு புள்ளி ஒண்ணு போதும் சேர். தெனமும் ஓட்டுற வண்டிங்க.”

கேட்டேனா? பதுளையில் ஒரு பழைய இரும்புக் கடையில், நொறுங்கிய வாடகைக் காரிலிருந்து நாலு புள்ளி ஆறு அச்சு ஒன்று கிடைத்தது. செல்வம் மனமில்லாமல் பூட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கார் முனகியது. வேகம் இருபதைத் தாண்டினாலே பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்... வாய் திறக்காமல் யாரோ பாடுவதுபோல.

இரண்டாம் வாரம், பள்ளி விட்டுத் திரும்பும்போது நல்ல மூடுபனி. பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெண் ரோட்டுக்கே வந்து நின்றார். பிரேக் போட்டேன். கார் பனியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே கையை நீட்டியிருந்தார்.

“இது எங்க வீட்டுக்காரரு வண்டிச் சத்தங்க,” என்றார். பிறகு என் காரைப் பார்த்தார். “ஆனா வண்டி வேற...”

பெயர் மகேஸ்வரி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். பசறை இறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். பின்அச்சு எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் அழவில்லை. பசறைவரை வரலாமா என்று மட்டும் கேட்டார்.

பின்சீட்டில் உட்கார்ந்து, அந்த முனகலையே கேட்டுக்கொண்டு வந்தார்.

“ஓட்டும்போது தூங்கிட்டாருன்னு போலீசுல எழுதிட்டாங்க சேர். நான் மேல மலையில நின்னேன். சத்தம் கேட்டுக்கிட்டே வந்துச்சு. திடீர்னு நின்னுச்சு. அப்புறந்தான் வண்டி விழுந்த சத்தம்.”

இறக்கம் தொடங்கியது. மூன்றாவது வளைவு.

முனகல் நின்றது.

“சேர், நிப்பாட்டுங்க!”

நிறுத்தினேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பனிக்குள் உட்கார்ந்தபடியே செல்வத்துக்குப் போன் போட்டேன்.

செல்வம் வந்து, காரை இழுத்துப்போய், அச்சைத் திறந்தார். எண்ணெய்க்குள் உடைந்த ஒரு பல். உடைந்த இடத்தில் பாதி பளபளப்பு, பாதி கறுப்பு.

“கறுப்பு பழைய விரிசல் சேர். பூட்டும்போது என் கண்ணுல படல. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா பின் டயரு ரெண்டும் இறுகிப் புடிச்சிருக்கும். இவங்க வீட்டுக்காரரு விழுந்த அன்னிக்கும் பல்லு விரிஞ்சு அப்பிடித்தான் புடிச்சிருக்கணும்.”

“சத்தம் நின்றது அதனாலா?”

செல்வம் பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“பல்லு ஒடைஞ்சா சத்தம் கூடணும் சேர். நிக்காது.”

கூடவே வந்திருந்த மகேஸ்வரி கையை நீட்டினார். “அத எனக்குத் தாங்க. அவரு தூங்கலன்னு புள்ளைகளுக்குக் காட்டணும்.”

செல்வம் பல்லைத் துடைத்துக் கொடுத்தார். மகேஸ்வரி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

ஒரே காரில் இரண்டு ஆசைகளை ஏற்றினால், எதையாவது ஒன்றை இறக்கித்தான் ஆகவேண்டும். இப்போது நாலு புள்ளி ஒன்று போட்டிருக்கிறேன். சத்தமே இல்லை.

போன ஞாயிறு ரேஸில் கடைசியாக வந்தேன். பரவாயில்லை — எங்கள் ஊரில் நானூறு மீட்டர் நேர்ரோடு எங்கே இருக்கிறது?