துடைத்துவிட்டு வாருங்கள்

கைப்பேசி பழுது பார்க்கும் கடைக்குக் கைப்பேசியைத் தவிர மற்ற எல்லாம் பழுதாகி வரும். சிங்கப்பூரில் இருபது வருடம் வாய் பேசாத இயந்திரங்களோடு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டபோது எனக்கு இது தெரியாது. இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்தான்: "கியூஆர் பிடிக்க மாட்டேங்குது." கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு பல்லைக் கடிக்கும் சக பாவிகளே, இவை உங்களுக்காக.

புத்தம் புதுசு

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். போன் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கேமராவின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. நான்கு வருடத் தூசியும் வியர்வையும் அதற்கடியில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. அதன் வழியாகப் பார்த்தால் ஊரிலேயே உயரமான கொம்தார் கட்டடமே தெரியாது. கியூஆர் எங்கே தெரியப்போகிறது? நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினேன். பரீட்சையில் காப்பியடித்தவனைப் பிடிப்பதுபோல என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உரிக்காதீங்க தம்பி! நாளைக்கு விக்கிறப்போ புதுசுன்னு சொல்லணும்லா!"

மூன்று பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் வந்தார், நிபோங் திபாலில் லாரி வைத்திருப்பவர். லாரிக்கும் ஸ்பேனருக்கும் பூசை போட்ட கையோடு போனுக்கும் போட்டிருக்கிறார். பின்புறம் மூன்று லென்ஸ். மூன்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம், காம்பஸ் வைத்து வரைந்தாற்போல. எல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தது. அத்தனை பெரிய முதுகில் பொட்டு வைக்க வேறு இடமா இல்லை? கண்ணைத் தேடிப் பிடித்துத்தான் வைக்க வேண்டுமா?

ஈரத்துணியால் துடைத்தேன். கியூஆர் உடனே பிடித்தது. நன்றி வரும் என்று நிமிர்ந்தேன்.

"என்னண்ணே, சாமி கும்பிட்டு வச்ச பொட்டை அழிச்சிட்டீங்க? இனிமே இந்த போனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பாத்துக்கணும்!"

வடைச்சட்டி

பரமேஸ்வரி அக்காவுக்கு வீடு பாகான் டாலாமில், வேலை பாயான் லெப்பாஸில். மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி, கடல் தாண்டி, என் கடை வழியாகத்தான் தொழிற்சாலைக்குப் போவார். உலகத்துக்கே சிப் செய்து அனுப்பும் இடம் அது. அங்கே உள்ளே வந்தவரை எண்ணுவதற்குக் கேட்டில் ஒரு கியூஆர் தாள் ஒட்டியிருக்கிறார்கள். காவலாளி கண்ணால் பார்த்து நோட்டில் கையெழுத்து வாங்கினாலும் அது வருகை ஆகாதாம். போன் பார்த்தால்தான் வருகையாம். அப்படி மூன்று நாள் விடுபட்டால் மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அக்காவுக்கு ஒரு நாள் போயிருந்தது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

போன் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினேன். கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, இது போனா, வடைச்சட்டியா? அடுத்த தடவை துடைச்சுட்டுக் கொண்டு வாங்க" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கும் திருப்தியாக இருந்தது. துடைத்துக் கொடுத்ததும் என் சுவரில் இருந்த கியூஆரைச் சட்டென்று பிடித்தது. அக்கா போனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

"சரி தம்பி, இனிமே சுத்தமா வச்சுக்கிறேன்."

ஒத்துக்காத குழம்பு

பக்கத்து நாசி கண்டார் சோற்றுக்கடை முதலாளி ஒரே நாளில் நாலு பேரை என்னிடம் அனுப்பினார், "உங்க போன் சரியில்ல, அங்க போய்க் காட்டுங்க" என்று. நாலு போனும் நன்றாகத்தான் இருந்தன. எழுந்து போய்ப் பார்த்தேன். கோழிக் குழம்புக்கும் கணவாய்க் குழம்புக்கும் நடுவில் அவருடைய கியூஆர் அட்டை சாய்ந்திருந்தது. நாள் முழுக்கக் கரண்டி அதன் தலைக்கு மேலேதான் போய்வருகிறது. கட்டங்களில் பாதி மஞ்சளுக்குள் மூழ்கிவிட்டது. அதை ஸ்கேன் செய்தால் பணம் போகாது, ஏப்பம்தான் வரும். சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்தக் குழம்பு யாருக்கும் ஒண்ணும் பண்ணல தம்பி. உங்க போனுங்களுக்குத்தான் ஒத்துக்கல."

கண்ணாடி மாதிரி

ஒரு வாரம் கழித்து அக்கா மறுபடியும் வந்தார். இரண்டாவது நாளும் போய்விட்டது. இந்தத் தடவை போன் தலைக்குக் குளித்த குழந்தைபோல மினுங்கியது. சுவரில் காட்டினேன், பிடித்தது. மறுபடி காட்டினேன், மறுபடியும் பிடித்தது.

நல்லாயிருக்கிற போனைக் கொண்டுவந்து நம் நேரத்தைத் தின்பவர்கள்மேல் உங்களுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "போன்ல ஒண்ணுமே இல்லக்கா. உங்களுக்குத்தான் பிடிக்கத் தெரியல" என்றேன். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், கை ஆடக்கூடாது என்று பாலர்பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பாடம் வேறு நடத்தினேன். அக்கா போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு நாள் போச்சு தம்பி. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

பை

அந்த ஒன்றும் போனது. சாயங்காலம், நல்ல மழை. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். சீருடை சொட்டச் சொட்ட, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற அலுவலகக் கடிதம் கையில் இருக்க, கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே போன். பை முழுக்க மடிப்பும் கீறலும். உள்பக்கம் ஆவி படிந்து, கஞ்சித் தண்ணீர்போல வெளுத்திருந்தது.

"கேட்டுல எப்படிப் பிடிப்பீங்களோ, அப்படியே பிடிங்கக்கா" என்றேன். இரண்டாவது தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பையோடு தூக்கிப் பிடித்தார். பனிமூட்டத்தில் வழி தவறியதுபோல கேமரா அலைந்தது. பிடிக்கவில்லை.

இது எப்போதிலிருந்து என்று கேட்டேன். நான் வடைச்சட்டி என்று சொன்ன அன்றைக்கே வாங்கினாராம், போனில் அழுக்குப் படக்கூடாது என்று. மழை நாளில் மட்டும் உள்ளே ஆவி படிந்துவிடுமாம். "அப்புறம் ஏன் போன தடவை பையைக் காட்டல?"

"உங்க கடைக்கு வர்றதுக்கு முன்னாடி கழட்டி, நல்லா துடைச்சுட்டுத்தான் தம்பி வந்தேன். இல்லாட்டி மறுபடியும் சிரிப்பாங்கள்ல?"

கடிதம்

நான் படித்தது ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு மலாய்ப் பள்ளி. அந்த மலாய் அன்றைக்கு உதவியது. தொழிற்சாலை அலுவலகத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன்: மூன்று நாளும் இவர் வேலைக்கு வந்திருக்கிறார், காவலாளியின் நோட்டைப் பாருங்கள். கியூஆர் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இன்னது. இரண்டாவது தடவையே அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவர் கடைக்காரர், அவர் கேட்கவில்லை. கடைசி வரியை மட்டும் நாலு தடவை அடித்து எழுதி, கடை முத்திரையை அதன் மேலேயே குத்தினேன்.

மாதம் முடிந்து ஒரு காலையில் அக்கா வந்தார். கழுத்தில் பை இல்லை. துடைக்காத போனை என் மேசைமேல் தொப்பென்று வைத்தார். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது.

"ஆபீஸ் அம்மா உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சுட்டு, 'இந்த ஆளுகிட்ட இன்னுமா போறீங்க'ன்னு கேட்டாங்க தம்பி. வேற எந்தக் கடையில இவ்வளவு திட்டு ஓசியா கிடைக்கும்னு சொல்லிட்டு வந்தேன்."

கைப்பேசியைத் தவிர எல்லாம் பழுதாகி வரும் இந்தக் கடையில், நெடுநாளாகப் பழுதாகிக் கிடந்தது என் வாய்தான் என்று எனக்கு விளங்க, ஓர் அக்கா மூன்று தடவை தேடி வர வேண்டியிருந்தது.