கொளஞ்சி இழுத்த கயிறு

கொளஞ்சியை எங்கள் நெல்லித்தோப்பில் வாயாடி என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் அவள் பக்கத்தில் நின்று டப்பா ஒட்டியவள் நான். காய்ச்சலில் நான் சுருண்ட நாளில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எனக்கு மீன் கொழம்பு கொண்டாந்துடு" என்று அதிகாரமாகச் சொன்னவள் அவள். புருஷன் போன பிறகு ஒரே மகன் எழிலரசனை ஆளாக்கியதும் அந்த வேலையில்தான்.

அவனை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவன் பைக்குக்காக வெட்டிக் கிணற்றில் போட்டுவிட்டான். எழிலுக்கு அப்போது இருபத்து நாலு வயது. வெட்டியவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அன்றிலிருந்து கொளஞ்சிக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலை, அவனைத் தூக்கில் பார்ப்பது. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு அலைந்தாள். போன தை மாதம் அவன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனையை நாலு நாள் கழித்து அறிவிப்பதாகச் சொல்லிவிட்டு நீதிபதி எழுந்துவிட்டார்.

"அன்னிக்கு உங்களையும் ஒரு வார்த்தை கேப்பாரும்மா" என்றார் அரசு வக்கீல். "ஆனா தூக்கு சுலபமில்ல. அரிதினும் அரிதான வழக்குக்குத்தான் குடுப்பாங்க."

"எம் புள்ள செத்தது அரிதில்லையா? வூட்ல இன்னும் நாலு புள்ள வச்சிருக்கனா நானு?" என்று கேட்டாள். வக்கீல் கேஸ் கட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்த நாலு நாளும் தெரு டீக்கடையில் இதே பேச்சுதான். தூக்கு கொடுமை, ஊசி போட்டுச் சாகடித்தால் போதும் என்று யாரோ டெல்லியில் வழக்குப் போட்டிருப்பதாக ஒருவர் போனில் படித்தார். அமெரிக்காவில் ஊசி நரம்பில் ஏறாமல் ஆள் கிடந்து துடித்தான் என்றார் இன்னொருவர். சுட்டுவிட்டால் ஒரு நிமிஷ வேலை என்றார் மூன்றாமவர். கோழிக்கடையில் நிற்கிறவர்கள் மாதிரி ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குவதால் சொல்தா என்று நாங்கள் கூப்பிடும் விஜயராகவன் மட்டும் வேறு மாதிரி பேசினார்.

"எங்க பிரான்சுல கழுத்த வெட்ற மெஷினையே எண்பத்தொண்ணுல நிறுத்திப்புட்டான். அதனால ஒண்ணும் குடி முழுவிடல."

குடத்தோடு போய்க்கொண்டிருந்த கொளஞ்சி நின்றாள். "உங்க பிரான்சுல எம் புள்ளய திருப்பிக் குடுப்பாங்களா சார்?"

சொல்தா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மனசுக்குள் நானும் அவர் கட்சிதான். ஆனால் அவள் எதிரில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தது நான் இல்லையே.

கோர்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், தூக்கு கேட்டுச் சக்கரபாணி எங்கள் தெருவில் கூட்டம் சேர்த்தான். வார்டு எலெக்‌ஷனில் நிற்கும் ஆசை உள்ளவன், மைக் என்றால் அவனுக்கு உயிர். கொடும்பாவி கட்டினால் தெருவில் இழுத்துப் போய்க் கொளுத்துவதுதான் வழக்கம். இவன் கொலைகாரனின் கொடும்பாவியில் புதுமை செய்தான். பேண்ட் சட்டையில் வைக்கோல் திணித்து, பானையைத் தலையாக வைத்து, கழுத்தில் சுருக்குப் போட்டான். கயிற்றை வேப்பமரக் கிளைமேல் எறிந்து, மறுமுனையைக் கொளஞ்சி கையில் கொடுத்தான்.

"நீங்கதான் இழுக்கணும்க்கா. டிவிக்காரங்க வந்திருக்காங்க."

அவள் இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்து இழுத்தாள். கூட்டம் கைதட்டியது. உருவம் தரையை விட்டு எழும்பி மெதுவாகத் திரும்பியது. நீலக் கட்டம் போட்ட சட்டை. முதுகில் கிழிசலை வெள்ளை நூலால் தைத்திருந்தது.

அவள் கை அப்படியே நின்றது. "தீபா, அது எழிலு சட்டைடி. நான் தச்சது" என்றாள் என்னைப் பார்த்து.

கருமாதி முடிந்ததும் மகனுடைய துணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி, இஸ்திரி வண்டி இராமதாஸிடம் கொடுத்திருந்தாள். வெட்டுப்பட்டுச் செத்தவன் துணியை யார் வாங்கி உடுத்துவார்கள்? யாரும் கேட்டு வராத துணி மூட்டையில் அது கிடந்திருக்கிறது. சக்கரபாணியின் ஆட்கள் பழைய சட்டை கேட்டதும், அந்த மனுஷன் கைக்கு வந்ததை உருவிக் கொடுத்துவிட்டார். வேண்டுமென்று செய்தவர் இல்லை.

கயிற்றை விட்டால் அது பொத்தென்று விழும். விடாவிட்டால் தொங்கும். "கால புடிங்கடா! கழுத்து இறுவுதுடா!" என்று கத்தினாள். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். நான்தான் ஓடிப்போய் அந்த வைக்கோல் கால்களைக் கட்டிக்கொண்டு மேலே தூக்கினேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டாள், தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவதுபோல. பிறகு நடுத்தெருவில் உட்கார்ந்து, அதை மடியில் போட்டுக்கொண்டு சுருக்கை அவிழ்த்தாள். முடிச்சு வரவில்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தும் விடவில்லை. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. சக்கரபாணி அப்போதும் கோஷம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மைக்கைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தது நான்தான். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது.

மறுநாள் கோர்ட்டில் கொளஞ்சி என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். கூண்டில் நின்றவனின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள்.

"அவன நான் மன்னிக்கலைங்கய்யா. சாவற வரைக்கும் வெளிய வுடாதீங்க" என்றாள். கட்டுப் போட்ட விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா கயிறு வேணாம். நான் இழுத்துப் பாத்துட்டேன்."