சின்னதைப் போடுப்பா என்று அப்பா சொன்ன நாள்

கம்ப்ரஸர் ஓடி நின்றதும் ஒரு நொடி அமைதி. அப்புறம் "புஸ்ஸ்" என்று மிச்சக் காற்று வெளியேறும். அம்பத்தூரில் மெஷின் விற்கிற அந்தக் கடைக்குள் நுழைந்தபோது முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். கூடவே சூடான ஆயில் வாசனை... செருப்புக்கு அடியில் நறநறவென்று மணல்.

நேற்று இந்தக் குரூப்பில் ஒரு அண்ணன், வீட்டு ஒர்க் ஷாப்புக்கு, காற்றோடு மணலை அடித்துத் துருவை எடுக்கிற பிரஷர் சாண்ட்பிளாஸ்டர் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தார். கம்ப்ரஸர் எவ்வளவு காற்று தர வேண்டும், மணல் பீய்ச்சுகிற நாசில் என்ன அளவு என்று எல்லோரும் நன்றாகவே பதில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு எங்கள் மெஷின் வாங்கிய நாள் ஞாபகம் வந்துவிட்டது. நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை... இன்றைக்கு எழுதத் தோன்றியது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. நிற்பேன், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், உட்காருவேன். ஒருநாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

வீட்டில் சும்மா இருக்கவில்லை. அப்பா பவுடர் கோட்டிங் கம்பெனியில் வேலை செய்கிறார். டூட்டி முடிந்து வந்து, சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில் பழைய பைக் ரிம், சேஸிஸ் எல்லாம் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்துக் கொடுப்பார். துருவைத் தேய்ப்பது என் வேலை. எமரி பேப்பரில் தேய்த்துத் தேய்த்து, பழுப்பெல்லாம் போய் இரும்பு பளிச்சென்று வெளியே வரும் பாருங்கள்... அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

வேலை நிறைய வர ஆரம்பித்தது. கையால் தேய்த்து முடியவில்லை. மெஷின் வாங்கிவிடலாம் என்றார் அப்பா.

மெஷின் வந்தால் தேய்க்க ஆள் எதற்கு? எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. அப்பாவோடு பிறந்த அத்தைக்கும் புரிந்துவிட்டது. திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் எனக்கு இடம் பார்த்து வைத்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து தெருமுனைக்குக் கம்பெனி வேன் வரும். வேன் நிறையத் தெரியாத முகங்கள் இருக்கும்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் கடைக்குப் போனோம். அம்மாவின் தம்பி, சேகர் மாமா, தன் லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

முதலில் கடைக்காரர் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றைக் காட்டினார். உள்ளே கையைவிட்டுச் செய்கிற மாதிரி. சேஸிஸ் அதற்குள் போகாது என்று அப்பா நகர்ந்துவிட்டார். அப்புறம்தான் பிரஷர் மெஷின்களைக் காட்டினார். மணல் நிரப்புகிற இரும்பு உருளையை அவர்கள் பாட் என்றார்கள். இரண்டு இருந்தன. பெரியது என் கழுத்து வரை, சின்னது இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இரண்டிலும் மணல் போடுகிற வாய் உச்சியில்.

துருப்பிடித்த தகட்டில் கடைக்காரர் மணலை அடித்துக் காட்டினார். நான் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேய்க்கிற துரு அரை நிமிடத்தில் போய்விட்டது. அழகாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

மாமாவுக்குப் பெரியது பிடித்துவிட்டது. ஒரு தடவை நிரப்பினால் ரொம்ப நேரம் ஓடும், சின்னதில் நிரப்பி நிரப்பியே பொழுது போய்விடும் என்றார். கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அப்பா மட்டும் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நான் டூட்டிக்குப் போய்ட்டா இத்த யாரு ஓட்றது?" என்றார்.

"ஞாயித்துக்கெழம நான் வரேன் மாமா," என்றார் சேகர் மாமா அப்பாவிடம்.

"நான்" என்று நான் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன்.

பக்கத்தில், பாட்டில் போடுகிற கார்னெட் மணல் மூட்டை ஒன்று இருந்தது. இருபத்தைந்து கிலோ. என்ன நினைத்தேனோ தெரியாது, குனிந்து அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். பெரிய பாட்டின் வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தேன். நெஞ்சு வரை வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. கடைக்காரர் பதறிப்போய்ப் பிடிக்க வந்தார். நான் அவரிடம் கொடுக்கவில்லை. இரண்டு அடி நகர்ந்து, சின்ன பாட்டின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தேன்.

வைத்துவிட்டு, மூட்டையை விடாமல் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா மூட்டையைப் பார்த்தார், பாட்டின் வாயைப் பார்த்தார். அப்புறம் கடைக்காரரிடம் திரும்பினார்.

"சின்னதைப் போடுப்பா."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா மாமா நீ, வாரம் பூரா சும்மா கெடக்கப்போற மிஷினு, பெர்சா இருந்தா இன்னா?"

"சும்மா எதுக்குக் கெடக்கும்? அதான் ஆளு கீதே," என்று அப்பா என்னைக் காட்டினார்.

அவ்வளவுதான். கூடவே, முகத்தில் மணல் படாமல் தலையில் மாட்டுகிற ஹூட்டில் சின்ன சைஸ் இருக்கிறதா என்று கேட்டார். மாமா வழி முழுக்க என்னைப் பயில்வான் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை வேன் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அத்தை ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

இப்போது மூன்று வருடம் ஆகப்போகிறது. ஹூட் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, புதிதாக வருகிறவர்கள் "அண்ணே, ரிம் ரெடியா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவேன். இப்போது கழற்றிவிட்டு, சாயங்காலம் வாங்க என்று வாயால் சொல்கிறேன். சேகர் மாமா பெரிய பாட்டை இன்னும் மறக்கவில்லை... போன வாரம்கூட அதைப் பற்றித்தான் பேச்சு.

எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்ட அண்ணனுக்கு, எனக்குத் தெரிந்தது இதுதான்: தினமும் மணல் நிரப்பப்போகிறவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. மெஷின் வந்த முதல் நாள் டூட்டிக்குக் கிளம்பும் முன், அப்பா மணல் மூட்டையைப் பிரித்து இரண்டு பழைய அரிசிப் பைகளில் பாதிப் பாதியாகக் கட்டி, பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு மூட்டைக்கும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறார். அவசரமாகக் கிளம்பினாலும் விடுவதில்லை.

முழு மூட்டையை இப்போது என்னால் சுலபமாகத் தூக்க முடியும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.