மூக்கியின் மூக்குக்காக

அந்த வீட்டில் சாயங்காலத்துக்கென்று ஒரு வேலை இருந்தது. புருஷன் காட்டிலிருந்து திரும்பியதும், முன்னறை விளக்குக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, முழங்கால் மடிப்பு, இடுப்புப்பட்டை, அக்குள், காதின் பின்புறம் என்று ஓரிடம் விடாமல் அவள் உண்ணி தேடுவாள். துணி தைத்துப் பழகிய கண். எள்ளளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் தப்பாது. கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெல்ல இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுவாள்.

"ஊர்ல அவவ புருஷன் பூ வாங்கிட்டு வர்றான். எனக்கு வாய்ச்சது உண்ணி வாங்கிட்டு வருது."

"கூசுதுடி. சீக்கிரம் பாரு," என்று அவர் நெளிவார். கழுத்து முழுக்கக் கொசு கடித்துத் தடிப்புத் தடிப்பாக இருக்கும்.

தெருவில் அவரை நாய்க்காரர் என்பார்கள். மீட்புப் படையில் வேலை. காட்டுக்குள்ளோ புதர்க்காட்டிலோ யாராவது வழி தவறிவிட்டால், அவரும் மூக்கியும்தான் முதலில் இறங்குவார்கள். மூக்கி பழுப்பு நிறப் பெட்டை நாய். படையின் பதிவில் அதற்குக் கம்பீரமாக வேறொரு பெயர் உண்டு; வைத்தவர்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குட்டியிலிருந்து வளர்த்து, ஆளைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தைவிட்டு நகராமல் குரைக்க வேண்டும் என்று பழக்கியவர் அவர்தான். பிள்ளை இல்லாத வீடு. மூக்கி வந்த பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அவளுடைய தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். ஒருநாள் கையில் ஒரு லோஷன் பாட்டிலோடு வந்தான்.

"மாமா, இதைக் கை, கால், கழுத்துல பூசிக்கிட்டுப் போங்க. கொசுவும் கிட்ட வராது, உண்ணியும் ஏறாது. காட்டு வேலை செய்றவங்க ரெண்டு பேர் உண்ணிக்காய்ச்சல்ல கெடக்காங்களாம்."

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் சுளித்தது. "எனக்கே மூக்கைப் பொளக்குதே, மூக்கி என்ன பாடுபடும்? அது பொழப்பே மூக்குலதான்டா ஓடுது."

"யார்கிட்டயாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்வார், முழுக்கைச் சட்டை போடுவார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் விடவில்லை. முனகினாள், மூக்கைச் சிந்தினாள், ஒருநாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் ஒரு காலையில், "எனக்காக ஒரே ஒரு நாள்," என்று சொல்லிக் கீழே உட்கார்ந்து, அவர் கணுக்காலிலும் கழுத்திலும் தானே தேய்த்துவிட்டாள். அவர் உத்தரத்தைப் பார்த்தபடி பொறுத்துக்கொண்டார்.

அன்றைக்கென்று பார்த்துத்தானா அழைப்பு வர வேண்டும்? நினைவு தப்பிப்போன ஒரு பெரியவர், முந்தின நாள் வீட்டைவிட்டு நடந்து போனவர், திரும்பவில்லை. இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. மூக்கி ஓடைக்கரை வரை போயிற்று. அங்கே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு நாய்க்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. பெரியவரை மறுநாள் வேறு ஆட்கள்தான் கண்டெடுத்தார்கள், பள்ளத்தில், உயிரில்லாமல். அவருடைய மகள் வந்து நாய்க்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்க," என்று அழுதாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. குளியலறையில் உட்கார்ந்து, துணி துவைக்கிற பிரஷ்ஷால் காலைத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"மழை பெஞ்சிருந்துச்சேங்க," என்றாள் அவள் கதவருகே நின்று. "வாசனையெல்லாம் தண்ணியோட போயிருக்கும்."

"மழையிலயும் அது ஆளைப் புடிச்சிருக்கு. நாய் தோக்கல. நான்தான் அது மூக்கை அடைச்சிட்டேன்."

நாம் அடைத்துவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளைச் சுட்டது. பாட்டிலைக் குப்பையில் போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. காளான் பறிக்கப் போய்க் காலொடிந்து கிடந்த ஒரு பெண்ணை மூக்கி கண்டுபிடித்தது. கோபித்துக்கொண்டு காட்டுக்குள் போன ஒரு மாப்பிள்ளையையும்தான். அந்த மாப்பிள்ளை நாயைத் திட்டினானாம். அதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரிப்பார்.

பிறகு ஒரு கோடையின் தொடக்கத்தில் காய்ச்சல் வந்தது. அலைச்சல் என்று நினைத்தார்கள். வந்த காய்ச்சல் போயும் போயிற்று. அவர் வேலைக்கும் போனார். ஒரு வாரம் கழித்து அது மறுபடி வந்தபோது தலையைப் பிளந்துகொண்டு வந்தது. வெளிச்சம் ஆகவில்லை. மூக்கியின் கயிற்றை எடுக்கப் போன கை பாதியிலேயே கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தலைமுடியை விலக்கிப் பார்த்தார். உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், முடிக்குள், காய்ந்துபோன ஒரு கடிவாய்.

"உண்ணி கடிச்ச இடம் மாதிரி இருக்கு. அந்தக் காய்ச்சல்தான் மூளை வரைக்கும் போயிருக்கு. இதை யாரும் பாக்கலையாம்மா?"

முதல் காய்ச்சலுக்கு முந்தின வாரம் அவள் தைக்க வேண்டிய பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோலக் குவிந்திருந்தன. "தலையை நாளைக்குப் பாத்துக்கலாம், நீ போய்த் தையி," என்று அவர் எழுந்து போனதும், சரி என்று தான் தலையாட்டியதும் அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் பார்க்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. அவளுக்கு அது உள்ளேயே தங்கிவிட்டது.

உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை தோளிலிருந்து தொங்கிப்போயிற்று. நடந்தால் ஆடுகிற படகில் நடப்பதுபோலத் தள்ளாட்டம். வார்த்தைகள் தாமதமாக, ஒவ்வொன்றாக வந்தன. நாய் படையின் சொத்து, வேலை செய்கிற வயசு வேறு. அதை அழைத்துப் போக வண்டி வந்தது. வேலைக்குத்தான் போகிறோம் என்று நினைத்து மூக்கி ஒரே தாவில் ஏறிக்கொண்டது. அவரும் ஏறுகிறாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தது. அவர் வாசல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூக்கியைப் பொறுப்பேற்ற பெண் நல்லவள். அடிக்கடி வந்து விசாரிப்பாள். குளிர் போனதும், "அண்ணே, ஒருநாள் பயிற்சி மைதானத்துக்கு வாங்க. அண்ணி, நீங்களும்தான்," என்று அழைத்தாள். இருவரும் போனார்கள். மைதானத்தை அடுத்து இடுப்பளவு புதர்கள். அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றபோது அவர் மூக்கு விரிந்தது.

"என்ன... பூசியிருக்க?"

"கொசு, உண்ணிக்குப் பூசுற லோஷன்தாண்ணே. இங்க எல்லாரும் பூசுவோம். நாய் மேல படக்கூடாது, பூசினதும் கையைக் கழுவிடணும், அவ்வளவுதான். அதுக்கு அந்த வாசனை பழகிடுச்சு. அதை ஒதுக்கிட்டு ஆளைத் தேடிக்கும்."

சொன்ன கையோடு அவள் மூக்கியை அவிழ்த்துவிட்டாள். கண்மூடித் திறப்பதற்குள், தூரத்தில் ஒளிந்திருந்த ஆளருகே குரைப்பு கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் இடது கையால், செத்துப்போன வலது கையைத் தடவிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, "உன் தம்பி... கேக்கச் சொன்னான்," என்றார்.

"விடுங்க."

"ஒருத்தரைக்கூட... கேக்கல."

அவள் அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அது தெரியாது.

அதன் பிறகு ஒரு காலையில், பயிற்சிக்கு ஒளிந்துகொள்ள ஆள் வேண்டுமென்று அந்தப் பெண் கேட்டபோது, நான் வருகிறேன் என்று அவராகவே சொன்னார். மனைவி புது லோஷன் பாட்டிலை எடுத்து வந்தாள். அவர் காலை நீட்டினார். கணுக்கால், முழங்கால், கழுத்து என்று அவள் நிதானமாகப் பூசினாள். பூசி முடித்ததும் தலையைக் குனிந்து காட்டினார். அதில் ஒரு தொப்பியை மாட்டினாள். எந்த வேலைக்கும் போகாத மனுஷனுக்கு இப்போது எல்லாக் காப்பும் இருந்தது.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒரு புதருக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அவள் தள்ளி நின்றாள். மூக்கியை விட்டார்கள். அது மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது, வளைந்து ஓடியது, புதருக்குள் மறைந்தது. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு குரைக்கத் தொடங்கியது, விடாமல், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு.

எல்லோரும் போய்ப் பார்த்தபோது நாய் அவர் முகத்துக்கு நேராக நின்று குரைத்துக்கொண்டிருந்தது. வாலும் ஆடிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் வரும்வரை ஒளிந்திருப்பவர் நாயைத் தொடக்கூடாது என்பது விதி. அவர் தொடவில்லை. நல்ல கையை முழங்காலில் இறுக்கி வைத்திருந்தார். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்கவும் அதை எடுக்கவில்லை.

"நல்லா... குரைக்குது," என்றார் மனைவியிடம். "எடத்தை விட்டு... நகரல பாரு."