முனியாண்டி கல்லடியில் நிற்காத விளக்கு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சாதாரண தரம் வரை படித்துவிட்டுக் கொழுந்துக்கூடை எடுத்தவள். கோயிலில் கூட்டம் கூடினால் பின்வரிசையில்தான் நிற்பேன். படித்தவர்கள் எழுதும் இந்தத் திருவிழா மலரில் நானும் எழுத வந்ததை அடியார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்லாமல் வைத்திருக்க மனம் விடவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. பள்ளத்தில் பள்ளிக்கூடம். அதன் பின்னால் செங்குத்தான மேடு. மேட்டின் உச்சியில் முனியாண்டி கல். உயர்தரம் வரை வகுப்பு உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். என் மகள் தர்ஷினி அங்கே உயர்தரம் படிக்கிறாள். அவள் வகுப்பு, மேட்டை ஒட்டிய பின்கட்டிடத்தில். என் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. லயத்து வரிசையில் எங்கள் வீட்டில் நானும் அவளும்தான்.

போன வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு நிரோஷன் சேர் என்று ஒரு புது விஞ்ஞான ஆசிரியர் வந்தார். பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடக் குவாட்டர்ஸில் தங்கினார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் தனியாக மேட்டில் ஏறுவார். முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கொழுந்து எடுக்கப் போன நாங்கள் பார்த்தோம். கல்லைச் சுற்றி மரக்குச்சிகள் அடித்திருந்தன. ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சிவப்புத் துணி. குச்சிக்குக் குச்சி நூல்.

இதைப் பார்த்தால் நம் தோட்டத்து ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? புதையல். புதையல் எடுக்கப் பலி கொடுக்க வேண்டும் என்பார்கள். போதாததற்கு அந்த வாரமே என் நாத்தனார் பாக்கியத்தின் கருஞ்சேவலும் காணாமல் போனது.

"கடக்காரன் மகனுக்கு வாத்தியார் சம்பளம் எதுக்கு? முனி காலடியத் தோண்டத்தான் வந்திருக்கான். இன்னைக்கு எஞ்சேவலு. ஒன் வீட்லயும் ஒரு கொமரு இருக்கு, பாத்துக்க" என்றாள் பாக்கியம்.

அன்று இரவே தர்ஷினியிடம் விசாரித்தேன். சேர் நல்லவர், எதையோ அளக்கிறார், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றாள். அவள் நல்லவர் என்று சொன்னதே எனக்கு மேலும் சந்தேகத்தைத் தந்தது. பள்ளிக்கூடத்து அதிபரிடம் கேட்கப் போனவர்களுக்கும் அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. அப்படியானால் அவருக்கும் பங்கு இருக்கிறது என்று முடிவு கட்டினோம். ஆண்கள் போய்க் குச்சிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். மறுபடியும் குச்சிகள் முளைத்தன. கோயில் தலைவர் மாரிமுத்து அண்ணன் ஊரைக் கூட்டினார். அந்த ஆசிரியரை மாற்றும்வரை பிள்ளைகளை அனுப்புவதில்லை என்று பேச்சு வந்தது.

நான் தர்ஷினியை அப்போதே நிறுத்திவிட்டேன். அவளுக்கு உயர்தரச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. அனுப்பினால் பிள்ளை போய்விடுமோ என்ற பயம். அனுப்பாவிட்டால் அவள் படிப்பு போய்விடும், என்னைப்போல் கூடைதான் எடுப்பாள். யாரிடம் கேட்பேன்?

வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு லயமும் முறை வைத்து முனியாண்டிக்கு விளக்கேற்றுவது எங்கள் வழக்கம். அந்த வாரம் எங்கள் முறை. வேலை விட்டதும் நனைந்த உடுப்போடு ஏறினேன். அழுதுகொண்டே கும்பிட்டேன். அப்பனே, அந்த ஆள் நல்லவனா கெட்டவனா, எனக்குக் காட்டிக் கொடு, என் பிள்ளைக்கு வரும் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டு என்று கேட்டேன்.

கல்லுக்கு முன்னால் ஒரு தட்டைப் பலகைக்கல் உண்டு. விளக்கை அதில்தான் வைப்போம். வைத்தேன். சாய்ந்தது. நிமிர்த்தினேன். மறுபடியும் சாய்ந்தது. எண்ணெய் பள்ளிக்கூடப் பக்கமாக ஓடியது. சாமி என் விளக்கை ஏற்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பலகைக்கல்லைச் சரிப்படுத்தலாம் என்று தூக்கினேன். அடியில் மண் பிளந்திருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டு வரை போனது. அந்தப் பிளவு புல்லுக்குள்ளேயே நீண்டு போனது. அதன் இரண்டு பக்கமும் சேரின் குச்சிகள். குறுக்கே கட்டிய நூல்கள் இழுபட்டு அறுந்து கிடந்தன.

எனக்கு எல்லாம் விளங்கியது. மேடு பிரிகிறது. அதற்கு நேர் கீழே என் மகளின் வகுப்பு.

இறங்கி நேராகக் குவாட்டர்ஸுக்குப் போனேன். அதுவரை நான் ஒரு ஆசிரியரிடம் நின்று பேசியதில்லை. கதவைத் திறந்த சேர் என்னையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

"என்னங்க, நீங்களும் குச்சியப் புடுங்கத்தான் வந்தீங்களா?"

விளக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெடிப்பைப் பற்றி அதிபரிடம் சொன்னாராம். வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள், உறுதியாகும்வரை வாய் திறக்காதீர்கள் என்று அதிபர் கேட்டுக்கொண்டாராம். நூல் அறுந்தால் மண் நகர்கிறது என்று அர்த்தமாம். நாங்கள் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டதில் அவருக்குக் கணக்கே நிற்கவில்லை.

"இனி நான் போய்ச் சொன்னாலும் ஒங்க ஆளுங்க நம்ப மாட்டாங்கம்மா" என்றார்.

"நீங்க சொல்ல வேணாம் சேர். முனியாண்டி எனக்குக் காட்டுனத நான் போய்ச் சொல்றேன்."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. நான் போய்ச் சொன்னதைக் கேட்டு மாரிமுத்து அண்ணன் டோர்ச்சோடு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். சாமியே விலகி நிற்கச் சொல்லும்போது அங்கே பிள்ளைகளை வைப்பது யார் என்று கேட்டார். திங்கட்கிழமை பின்கட்டிடத்து வகுப்புகள் எல்லாம் கோயில் மண்டபத்துக்கு வந்தன. தர்ஷினியை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் விடாத மழை. புதன்கிழமை, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் மேடு இறங்கியது. பின்கட்டிடத்தின் கூரைத் தகரம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

சேர் தோண்டியதால்தான் மலை இறங்கியது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாக்கியம் சேவலை மறக்கவில்லை. நான் யாரோடும் வாதாடுவதில்லை. ஆனால் ஒரு மனுஷன்மேல் சந்தேகம் வந்தால், இப்போது முதலில் சாமியிடம் கேட்கிறேன், பிறகு அந்த மனுஷனிடமே போய்க் கேட்கிறேன். நீங்களும் பயத்தை மனதில் வைத்துப் புழுங்காமல் முனியாண்டி காலடியில் கொண்டுபோய்ப் போடுங்கள். அவன் காட்டுவான். காட்டுகிற விதம் நாம் நினைத்த விதமாக இருக்காது, அவ்வளவுதான்.

மேடு இறங்கியதற்கு மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மண்டபத்தில் வகுப்பு நடந்தது. தர்ஷினி சாப்பாடு கட்டிக்கொண்டு போனாள். நான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனேன்.